கிறிஸ்துமஸ் தோரணத்துக்கு இடம் வாசல் நிலைதான்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஃபேன்சி ஸ்டோர் வாசல்களில் ஸ்டார்களுக்குப் பக்கத்தில் இன்னொரு சரக்கும் தொங்கத் தொடங்குகிறது. முழக்கணக்கில் நீளும் பச்சை பிளாஸ்டிக் ஊசியிலைச் சரம். நடுநடுவே சிவப்பு மணிகள், பைன் காய்கள். நுனிகளில் பனி படிந்ததுபோல வெள்ளைத் தூள். இந்தச் சரம் எங்கே தொங்குவதற்காக உருவானது என்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூடத்துச் சுவருக்குள் பதித்த கணப்படுப்பு உண்டு. விறகு எரியும் அந்தக் குழிக்கு மேலே ஒரு தட்டு ஓடும். கிறிஸ்துமஸ் வந்தால் அந்தத் தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இருபுறமும் வழிந்து தொங்கும்படி இலைமாலை சாத்துவார்கள். அந்த மாலையின் பிளாஸ்டிக் நகல்தான் நம் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறது. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கெடிலம் ஆற்றுப் படுகைவரை பரந்துகிடக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கணப்படுப்பு வைத்துக் கட்டிய வீட்டைத் தேடத்தான் வேண்டும். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரைப் போன்ற ஊரில் இந்தச் சரத்தை வாங்கி வருகிறவர் அதை எங்கே மாட்டுவார்? டிவி ஸ்டாண்டில், ஷோகேஸ் கண்ணாடியில், ஜன்னல் கம்பியில். மாட்டிய பிறகும் அது வந்த விருந்தாளி மாதிரி ஒட்டாமல் நிற்கும். நம் ஊர்க் கிறிஸ்துமஸ் தோரணம் வாசல் நிலையில் கட்டப்பட வேண்டும், நம் மண்ணில் பறித்த இலையில் கட்டப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கணப்புத் தட்டுக்கு மாலை சாத்தியவர்கள் எந்தக் காரணத்துக்காகச் சாத்தினார்களோ, அதே காரணம் நம்மை வாசலுக்குத்தான் கொண்டுபோகிறது.

அந்தக் காரணத்தை முதலில் பார்ப்போம். டிசம்பர் பிற்பாதியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஓக், பீச் போன்ற மரங்கள் இலை உதிர்ந்து கட்டையாக நிற்கும். அந்த நாட்களில் பச்சை மாறாதவை சிலவே: ஃபிர், பைன், ஹாலி, ஐவி. எல்லாம் செத்துப்போனதுபோல் தெரியும் பருவத்திலும் உயிர் இருக்கிறது என்பதற்கு அந்தப் பச்சைதான் சாட்சி. அதனால் அதை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் எந்த இடத்தில் வைப்பது? குடும்பம் கூடும் இடத்தில். குளிர் தேசத்தில் ராத்திரியானால் கிழவர் முதல் குழந்தைவரை உட்காருவது கணப்பைச் சுற்றித்தான். கதை, ஜெபம், விருந்துக்குப் பிந்திய பேச்சு எல்லாம் அங்கேதான் நடந்தன. புகைபோக்கி வழியாகப் பரிசு வரும் என்று குழந்தைகள் காலுறையைத் தொங்கவிட்டதும் அங்கேதான். ஆக, கணப்புத் தட்டு மாலை இரண்டு கேள்விகளுக்கு அந்த மக்கள் கண்ட விடை. அந்தப் பருவத்தில் நம் கைக்கெட்டும் உயிருள்ள பச்சை எது? நம் வீட்டில் பண்டிகை நிகழும் இடம் எது? இரண்டுக்கும் அவர்கள் நேர்மையாகப் பதில் கண்டார்கள். நாம் கேள்விகளை விட்டுவிட்டு விடையை மட்டும் கடையில் வாங்குகிறோம்.

தமிழ்நாட்டில் கணப்படுப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1820களில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டியபோதும், 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கோடைக்கானலில் முதல் பங்களாக்களை எழுப்பியபோதும், குளிருக்கேற்ற ஐரோப்பிய வீட்டமைப்பையும் உடன் கொண்டுவந்தார்கள். அந்தப் பழைய பங்களாக்களில் இன்றும் கணப்பும் தட்டும் உண்டு. அங்கே மாலை சாத்துவது பொருத்தமே. அந்த ஊர்களில் பைன், சைப்ரஸ் கிளைகளும் கிடைக்கும். மலை என்றதும் கல்வராயன் மலையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. வெள்ளிமலைப் பக்கம் மார்கழிப் பனி கடுமைதான். ஆனாலும் அங்கே குளிர் காய வீட்டுக்கு வெளியே சுள்ளி கூட்டித் தீ மூட்டுவதுதான் மக்கள் பழக்கம். சுவருக்குள் கணப்பு பதித்த பங்களாக் கலாசாரம் அங்கே வேர்விடவில்லை.

இனி அந்த இரண்டு கேள்விகளையும் களமருதூர் பக்கத்து டிசம்பரிடம் கேட்டுப் பார்க்கலாம். இங்கே அந்த மாதம் செத்துக் கிடக்கும் மாதம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஏரியையும் கிணற்றையும் நிரப்பிவிட்டு ஓயும் நேரம் அது. நெல் பச்சை கட்டி நிற்கும். கரும்பு ஆளுயரம் தாண்டியிருக்கும். வேலிக்கால் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். மிகக் குறுகிய பகலும் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே பச்சைக்காகப் பனியில் நடந்து ஊசியிலை மரத்தைத் தேட வேண்டியதில்லை. கொல்லையில் மா, வரப்பில் தென்னை, கரையில் பனை, ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பு. இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். நம் கிறிஸ்துமஸ் வீட்டின் எந்த இடத்தில் நடக்கிறது? சமையல்கட்டு அடுப்பைச் சுற்றி நடக்கவில்லை. வெக்கை நிலத்தில் அடுப்பைத் தள்ளித்தான் வைத்திருக்கிறோம். நடப்பது வாசலில். டிசம்பர் இரவுகளில் டிரம்மும் கிடாரும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக வரும் கேரல் குழு நிற்பது வாசலில். பாடி முடித்துக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பதும் அங்கே. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தவர்கள் கைகுலுக்குவதும், அண்டைவீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பலகாரத் தட்டு புறப்படுவதும், இந்து வீட்டார் தை மாதத்தில் பதிலுக்குப் பொங்கல் கொண்டுவந்து நீட்டுவதும் வாசலில்தான். மார்கழிக் கோலம் ஊரே போடும் நாட்களில் கிறிஸ்தவ வீட்டுப் பெண்களும் கலர்ப்பொடியில் நட்சத்திரமும் மெழுகுவத்தியும் வரைந்து பக்கத்து வாசலோடு போட்டி போடுகிறார்கள். கணப்பு குடும்பத்தை உள்ளே கூட்டிவைக்கும் இடம். நம் வாசல் வீட்டை ஊரோடு சேர்த்துவைக்கும் இடம். லூக்கா நற்செய்தி சொல்லும் பிறப்புக் கதையே ஒரு வாசலில்தான் திரும்புகிறது. சத்திரத்தில் இடமில்லாமல்தான் பிள்ளை தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டது. இடமில்லை என்று மூடிய கதவைப் பற்றிய கதையைக் கொண்டாடுகிறவர்கள், தங்கள் கதவின் நிலையை அலங்கரிப்பதைவிடப் பொருத்தமான அலங்காரம் வேறு இருக்க முடியாது.

அந்த அலங்காரத்தின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். செம்புநிறத் துளிர் வாடிச் சுருண்டுவிடும் என்பதால் தோரணத்துக்கு எடுப்பது முற்றிய, கரும்பச்சை மாவிலை. நுனியைக் காம்புப் பக்கமாக மடித்து, தென்னை ஈர்க்கைச் சிறுசிறு துண்டாக ஒடித்துக் குத்தினால் இலை கச்சிதமாக நிற்கும். நனைத்த வாழைநாரிலோ சணலிலோ இரண்டு விரல் இடைவெளியில் கோத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் சாமந்தி அல்லது கோழிக்கொண்டை. நிலையின் இருபுறமும் தொங்குவதற்குக் குருத்தோலை. தென்னங்குருத்தின் வெளிர்மஞ்சள் ஓலையைக் கிழித்து மடித்தால் கிளி, பாம்பு, விசிறி என்று கை தேர்ந்தவர்கள் எத்தனையோ உரு செய்வார்கள். ஐந்து முனை நட்சத்திரம் அதைவிடச் சிரமமானதல்ல. கட்டியது கட்டியபடி நாலு நாள் தாங்கும். காய்ந்தாலும் மாவிலை உதிராது, நிறம் மட்டும் மங்கும். மழை நனைத்தால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் பசுமை. காகித ஸ்டாருக்கு மார்கழிப் பனியே எமன்; இலைக்கு அந்தக் கவலை இல்லை. ஊசியிலைத் தோற்றம்தான் வேண்டும் என்கிறவர்களுக்குச் சவுக்கு இருக்கிறது. கடலூர், விழுப்புரம் வட்டாரத்தில் தோப்புத் தோப்பாக வளர்கிற சவுக்கின் கிளையைத்தான் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறையாகக் கிறிஸ்துமஸ் மரமாக நட்டுவருகிறார்கள். அதன் மெல்லிய சரங்களைக் கயிற்றில் சுற்றிக் கட்டினால் எந்த இறக்குமதிச் சரத்துக்கும் அது குறைந்ததில்லை.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் லேசானதல்ல. மாவிலைத் தோரணம் இந்துக்களின் அடையாளம், கோயிலுக்கும் கும்பத்துக்கும் உரியது, அதைக் கிறிஸ்தவ வீட்டு வாசலில் கட்டலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாகச் சில சபைகளில் இந்தத் தயக்கம் ஆழமானது. விசுவாசத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையிலிருந்து வருவதால் அதைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் வரலாறு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஐரோப்பாவில் பசுங்கிளையை வீட்டில் செருகும் வழக்கம் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. ரோமானியர் தங்கள் குளிர்காலப் பண்டிகைகளில் செய்தது. கி.பி. 601-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி, இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில், அந்நாட்டவரின் பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், அவற்றையே தேவாலயமாக்குங்கள், விழா நாட்களில் மக்கள் அவற்றைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டுக் கொண்டாடட்டும் என்று அறிவுறுத்தினார். நாம் ‘அசல் கிறிஸ்தவ’ அலங்காரம் என்று நம்பி வாங்கும் பச்சைச் சரமே இப்படி இன்னொரு மரபிலிருந்து வந்து சேர்ந்தது. ஐவிக் கொடிக்குக் கிடைத்த ஞானஸ்நானம் மாவிலைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

தமிழ் மண்ணிலும் இந்தக் கேள்வி பழையது, பதிலும் பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த பாதிரியார் ராபர்ட் தே நோபிலி கிறிஸ்தவரானவர்களுக்குச் சந்தனம், குடுமி, பூணூல் ஆகியவற்றை அனுமதித்தபோது எழுந்த வழக்கு ரோம்வரை போனது; 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நோபிலியின் வழி சாதி அடையாளங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது என்ற விமர்சனம் நியாயமானது. பூணூலுக்குப் பின்னால் சாதி இருந்தது. மாவிலைக்குப் பின்னால் அப்படி எதுவும் கிடையாது. எந்தத் தெருவிலும் யார் வேண்டுமானாலும் பறித்துக் கட்டலாம். நோபிலிக்கு நூறாண்டு கழித்து வந்த வீரமாமுனிவரின் தடம் நமக்கு இன்னும் பக்கம். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் பக்கத்தில் இருக்கிறது கோணான்குப்பம். அங்கே அவர் எழுப்பிய ஆலயத்தில் மரியாள் பெரியநாயகி என்ற தமிழ்ப் பெயரோடு, தமிழ்ப் பெண்ணின் சேலைக்கட்டோடு நிற்கிறாள். 1726-இல் அவர் முடித்த தேம்பாவணியில் வளன் என்ற சூசையப்பரின் கதை 3615 பாடல்களில் நடக்கிறது. அதில் வரும் யூதேயா நாட்டில் தமிழ்க் காப்பிய மரபின் நாட்டு வளமும் நகர வளமும் பாடப்படுகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலிருந்து வந்தவர் பெத்லகேமைத் தமிழ் நிலமாகக் கண்டார். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் வாசலைப் பனி பொழியும் நாடாக்கப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கத்தோலிக்கர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று அவர்களின் வழிபாட்டு ஆண்டிலேயே இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று எறையூர் போன்ற பங்குகளில் பவனி போகிறவர்கள் கையில் பிடிப்பது தென்னங்குருத்து. அதைச் சிலுவையாக மடித்து, வீட்டில் சுரூபத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு அந்த ஓலைகளைத்தான் திரும்ப வாங்கி எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் பூசுகிறார்கள். பச்சையாக வந்த ஓலை காய்ந்து, எரிந்து, சாம்பலாகி வழிபாட்டுக்குள்ளேயே தன் ஆயுளை முடிக்கிறது. ஓலை மடிக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றன. பாடுகளின் வாரத்துக்குத் தகுந்த ஓலை, பிறப்பு விழாவுக்கு மட்டும் தகாதா?

அடுத்த ஆட்சேபம் காசு பற்றியது. பிளாஸ்டிக் சரத்தை ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம் வருமே, இலையை வருஷா வருஷம் கட்ட வேண்டுமே என்பார்கள். பாதி சரிதான். கெட்டியான சரத்தைப் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துகிற வீடுகளும் உண்டு. ஆனால் நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் மலிவுச் சரம் இரண்டு மூன்று ஆண்டில் வெளிறி, ஊசிகள் கொட்டி, வெள்ளைத் தூளெல்லாம் கூடத்தில் சிந்தி முடிந்துவிடும். பிறகு போகும் இடம் ஊர்க் குப்பைமேடு. அங்கே தீ வைக்கப்படும். இத்தகைய சரங்கள் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் நச்சும் கிளம்பும். கேரல் பாடிய அதே தெருக் குழந்தைகள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடில் ஜோடனைக்கு வெள்ளைப் பாறையும் பனிமலையும் செய்ய ஒரு காலத்தில் தாராளமாக வாங்கிய அதே தெர்மாகோல்தான். பிவிசி சரம் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் தடுக்காததெல்லாம் நல்லது என்று அதற்குப் பொருளில்லை. காசுக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் இலைப் பக்கம்தான் தராசு தாழும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை மூழ்கடித்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. மூன்று வாரத்தில் கிறிஸ்துமஸ். பயிரும் பண்டமும் நனைந்துபோன வீட்டுக்காரர் அந்தப் பணத்தில் ஜோடனை வாங்குவாரா? அந்த மாதிரி ஆண்டிலும் வாசலுக்கு வரக்கூடிய அலங்காரம், காசு கேட்காத மாவிலை ஒன்றுதான்.

கிறிஸ்துமஸே வெளியிலிருந்து வந்தது, ஸ்டாரும் கேக்கும் மரமும் வந்தவை, இதை மட்டும் ஏன் மறிக்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வந்ததெல்லாம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வந்தவற்றில் எவை தங்கின என்று பார்த்தால் விஷயம் விளங்கும். காகித ஸ்டார் தங்கியது. ஏனென்றால் அதற்கு இங்கே வேலை இருந்தது. மூங்கில் கழியில் கட்டி உயர்த்தி உள்ளே பல்பு போட்டால், இருண்ட மார்கழித் தெருவில் இது கிறிஸ்தவ வீடு, கேரல் குழு இங்கே நிற்கலாம் என்று தூரத்திலிருந்தே சொல்லும். குடில் அதைவிட அழகாகத் தங்கியது. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து முதன்முதலாக அமைத்தது இங்கே வந்து வைக்கோல்போர், மண்பாதை, பனையோலைக் கூரை எல்லாம் பெற்றது. குடில் வைக்கும் வீடுகளில் பத்து நாளுக்கு முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ விதைத்துவிடுவார்கள்; 24-ஆம் தேதிக்குள் அது விரல் உயரம் வளர்ந்து, ஆட்டிடையர் பொம்மைகளுக்கு மேய்ச்சல் நிலமாகிவிடும். அம்மன் கோயில் முளைப்பாரியை அறிந்த ஊரில் பிறந்த யோசனை அது என்று தாராளமாகச் சொல்லலாம். இப்படி மண்ணைத் தொட்டவை நிலைத்தன. கணப்புச் சரத்துக்கு இங்கே தொடுவதற்குத் தட்டும் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. மால்களில் அட்டையால் பொய்க் கணப்பு செய்து, பல்பால் பொய்த்தீ எரியவிட்டு, அதற்குமேல் சரத்தைச் சாத்திப் புகைப்படம் எடுக்கவைக்கிறார்கள். ஒரு பொருளுக்கு இடம் கொடுப்பதற்காக இல்லாத அடுப்பைக் கட்ட வேண்டிவருகிறதென்றால், அந்தப் பொருள் நமக்கானதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இலையின் பக்கமும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்கள் மா பூவெடுக்கும் காலம். பூங்கொத்து கிளம்புவது முற்றிய கிளைநுனியில். அவசரத்துக்குக் கொத்துக் கொத்தாக நுனியோடு ஒடித்தால் அந்தக் கிளையின் காய்ப்பையும் சேர்த்து ஒடிக்கிறோம். நுனியைத் தொடாமல், கீழ்க்கிளைகளில், தனித்தனி இலையாகக் காம்போடு கிள்ள வேண்டும். பறிக்கும் முன் மரத்துக்காரரைக் கேட்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. குருத்தோலைக்கும் அதே நிதானம் தேவை. தென்னையின் நடுக்குருத்தை அடியோடு வெட்டினால் மரமே போய்விடும். பட்டுப்போன, வெட்டப்போகிற மரத்துக் குருத்தையோ, தேர்ந்த மரமேறி மரத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துத் தருவதையோ பயன்படுத்தலாம். குருத்து கிடைக்காவிட்டால் பனையோலை போதும்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் சரம் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். கிழியும்வரை பயன்படுத்துங்கள், எரிக்காதீர்கள், புதிதாக வாங்காதீர்கள். பங்குத்தந்தையரும் போதகர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் டிசம்பர் மூன்றாவது ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, குருத்தோலை மடிக்கத் தெரிந்த பெரியவர்களைப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். நகரத்து அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு கதவு இருக்கிறது. காய்கறிக் கடையில் ஒரு கொத்து மாவிலை கிடைக்கிறது. 23-ஆம் தேதி சாயங்காலம் பறித்து ஈரத்துணியில் சுற்றிவையுங்கள். 24-ஆம் தேதி இருட்டுவதற்குள் நிலையில் கட்டிவிடுங்கள்.